மஜ்ஜைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு

பழனி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் அண்மையில் ஒரு செய்தி சுற்றியது. ரத்தப் புற்றுநோயில் கிடக்கும் ஒரு சிறுவனுக்கு எலும்பு மஜ்ஜை வேண்டுமாம். "நம் சமுதாயத்து இளைஞர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும். மற்ற சாதிக்காரர்களுடையது பொருந்தாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்." கீழே சங்கக் கொடி, தலைவர் படம், இரண்டு கைபேசி எண்கள். அந்தச் சங்கத்தின் பெயரை இங்கே எழுதி அதற்கு விளம்பரம் தேடித்தர நாங்கள் தயாராக இல்லை. அந்தச் சிறுவன் பிழைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஒரு குழந்தையின் நோயைச் சாக்காக வைத்து, "பார்த்தீர்களா, சாதி என்பது ரத்தத்திலேயே இருக்கிறது, இப்போது விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது" என்று அந்தச் செய்திக்குக் கீழே கும்மாளம் போட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அதைவிட முக்கியமாக, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "அப்ப நம்மாளுங்களுக்கு யாரு தருவாங்க?" என்று எங்களிடம் கேட்ட காலனிப் பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் மஜ்ஜை என்றால் என்ன என்று பார்ப்போம். கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கியவர்களுக்குத் தெரியும். எலும்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற அந்தப் பகுதியில்தான் நம் ரத்தம் உற்பத்தியாகிறது. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு மூன்றுக்கும் தாய் அங்கே இருக்கும் குருத்தணு. அந்தத் தாயே கெட்டுப்போனால் ரத்தப் புற்றுநோய். வற்றிப்போனால் மஜ்ஜைச் சுருக்க ரத்தசோகை, ஆங்கில மருத்துவத்தில் அப்ளாஸ்டிக் அனீமியா. பிறவியிலேயே பிழையாக இருந்தால் தலசீமியா போன்ற நோய்கள். இவற்றில் பலவற்றுக்கு, கெட்ட மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு இன்னொருவரின் நல்ல குருத்தணுக்களை ஏற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. (மைலோமா போன்ற சில நோய்களில் நோயாளியின் சொந்த அணுக்களையே எடுத்து வைத்திருந்து திரும்ப ஏற்றுவார்கள். அங்கே கொடையாளி என்ற பேச்சே இல்லை.)

"ஆபரேஷன்" என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நோயாளிக்குக் கத்தியே படுவதில்லை. கழுத்து அல்லது நெஞ்சுப் பக்கம் பொருத்திய ஒரு குழாய் வழியே, சாதாரண ரத்தம் ஏற்றுவது போல ஒரு பை ஏறும். சில மணி நேர வேலை. ஏறிய அணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறுகின்றன. எந்த முகவரியும் கொடுக்காமலே, எந்தத் தெரு என்று யாரும் விசாரிக்காமலே.

கொடுப்பவருக்கும் அப்படித்தான். ஒன்று, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். அல்லது, நான்கைந்து நாட்கள் ஊசி போட்டுக் குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கையிலிருந்து ஒரு இயந்திரம் வழியாகப் பிரித்தெடுத்துவிட்டு மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். சில நாட்கள் இடுப்பு வலி, காய்ச்சல் போல உடம்பு நோவு. கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். முதுகுத்தண்டில் கையே வைப்பதில்லை. ஆண்மை போய்விடும், பிள்ளை பிறக்காது என்பதெல்லாம் வெறும் பயம்.

இனி, பொருத்தம். நம் அணுக்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற அடையாளக் குறிகள் இருக்கின்றன. ஆறாவது குரோமோசோமில் இவற்றுக்கான மரபணுக்கள் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கொத்து அம்மாவிடமிருந்து, ஒரு கொத்து அப்பாவிடமிருந்து. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு பேர் கூடப் பிறந்திருந்தால் ஒருவராவது பொருந்த 44 சதவீதம், மூன்று பேர் என்றால் 58 சதவீதம். இந்தக் கணக்கில் அப்பாவும் அம்மாவும் என்ன சாதி என்ற கேள்விக்கு இடமே இல்லை. பிராமணரும் அருந்ததியரும் மணந்து பெற்ற பிள்ளைகளுக்கு இடையிலும் நான்கில் ஒன்றுதான். ஒரே தெருவில் ஒரே குலசாமி கும்பிட்டு மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு இடையிலும் பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான். சங்கத் தலைவர்கள் இந்த எளிய கணக்கைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கொடிக்கு வேலையில்லை.

ஆனால் டாக்டர் ஏதோ சொல்லியிருப்பார் அல்லவா? வீட்டுக்குள் பொருத்தம் கிடைக்காதபோது வெளியே தேட வேண்டும். அப்போது, ஒரே மூதாதையர் வழி வந்தவர்களிடையே ஒரே மாதிரிக் கொத்துகள் அதிகம் காணப்படும். இது உண்மை. அந்த உண்மையில் பாதியைப் பிய்த்து எடுத்துத்தான் "நம் சமுதாயத்தினர் மட்டும்" என்று கொடி கட்டுகிறார்கள். மீதிப் பாதி, அந்த நிலை எப்படி வந்தது என்பது.

1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமண முறைதான், தன் குழுவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் விதிதான் என்றார் அவர். அந்த விதியைக் காப்பாற்றவே விதவையை எரித்தார்கள், கைம்மையைத் திணித்தார்கள், குழந்தைக்குத் தாலி கட்டினார்கள் என்று விளக்கினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2013இல், ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகமும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நிலப்பரப்பில் எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள். அதன் பிறகு கலப்பு நின்றது. அதாவது "தூய ரத்தம்" என்று மீசை முறுக்குகிறவர்கள் ஒவ்வொருவரும் கலந்து பிறந்தவர்களின் வாரிசுகள். பிறகு யாரோ கதவைச் சாத்தினார்கள். இயற்கை சாத்திய கதவு அல்ல அது.

கதவைச் சாத்தியதன் விலை என்ன? 2017இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், உள்ளுக்குள்ளேயே மணந்து சுருங்கிய தன்மையில், அதற்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும் மிஞ்சின. இப்படிச் சுருங்கிய குழுக்களில், இருபக்கமும் ஒரே பிழை மரபணு வந்து சேரும் பிறவி நோய்கள் கூடும். அவற்றில் சிலவற்றுக்குத்தான் மஜ்ஜை மாற்றே மருந்து! நோயையும் அகமணம் வளர்க்கும். பிறகு மருந்தைத் தேடவும் "நம் சமுதாயத்தினர் மட்டும் வரவும்" என்று அகமணமே அறிவிப்புப் போடும்.

இதைச் சொல்லும்போது நம் தெருவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் ரத்த உறவில் மணமுடித்தவர்கள். அக்காள் மகளைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது ஆதிக்கச் சாதிகளின் பழக்கம் மட்டுமல்ல, நம் காலனிகளிலும் அதுதான். பள்ளர் வீட்டில் பறையர் பெண்ணெடுப்பதும், பறையர் வீட்டில் அருந்ததியர் பெண்ணெடுப்பதும் திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை நடந்திருக்கிறது? மேடையில் ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் வேறொன்று. "அருந்ததியர் வீட்டுச் சம்பந்தமா?" என்று முகம் சுளிக்கும் ஒருவர், தனக்கு மேலே இருப்பவர் முகம் சுளிப்பதைப் பற்றி எங்களிடம் புகார் மனு எழுதச் சொல்கிறார். எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே வியாதி என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

ரத்தத் தூய்மையைப் பற்றிப் பழனிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த ஊர்ப் பெண்ணைக் காதலித்து மணந்ததற்காகத்தான் குமரலிங்கத்துச் சங்கர் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறியியல் மாணவர். கௌசல்யாவும் வெட்டப்பட்டு உயிர் தப்பினார். நாடே அந்தக் கண்காணிப்புக் கேமரா காட்சியைப் பார்த்தது. எந்த ரத்தம் எந்த ரத்தத்தோடு சேரக்கூடாது என்பதற்காக அந்த அரிவாள் தூக்கப்பட்டதோ, அந்த ரத்தத்தைப் பற்றி மருத்துவம் சொல்லும் ஒரு செய்தியை இங்கே வைக்கிறோம். மஜ்ஜை மாற்று வெற்றி பெற்றால் நோயாளியின் ரத்தம் கொடையாளியின் ரத்தமாகவே மாறிவிடும். ஓ பாசிட்டிவாக இருந்தவர், கொடுத்தவர் பி பாசிட்டிவ் என்றால், சில மாதங்களில் பி பாசிட்டிவ் ஆவார். அவருடைய ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனை செய்தால் கொடையாளியின் மரபணு வரும். பெண் கொடுத்து ஆண் பெற்றிருந்தால் அந்த ஆணின் ரத்தத்தில் பெண்ணின் குரோமோசோம்கள் இருக்கும். இப்போது சொல்லுங்கள், சாதிப் பெருமை ரத்தத்தில் ஓடுகிறது என்கிறீர்களே, ஜெர்மனிக்காரர் ஒருவரின் குருத்தணு பொருந்தி, அதை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் உங்கள் பிள்ளை என்ன சாதி? திருவிழாவில் அவனுக்கு முதல் மரியாதை உண்டா, கிடையாதா?

இன்னொரு வாதத்தையும் வைப்பார்கள், வைத்தும் விட்டார்கள். "கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பொருத்தமே கிடைக்காது. ஆகவே சொந்தச் சாதியில் கட்டுவதே ஆரோக்கியம்." கலப்பு மரபுள்ளவர்களுக்கு வெளிக் கொடையாளி கிடைப்பது கடினம் என்பது அமெரிக்காவிலும் கண்டதுதான். அது ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2014இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு அமெரிக்கப் பதிவேட்டில் முழுப் பொருத்தமுள்ள கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு 19 சதவீதம். கறுப்பர்கள் கலப்பு மணம் செய்துகொண்டதால் வந்த வேறுபாடா இது? ஆப்பிரிக்க மரபில் வகைகள் அதிகம் என்பது ஒரு காரணம். பதிவேட்டில் அவர்கள் குறைவு, கூப்பிடும்போது வந்து கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இன்னும் குறைவு என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்துக்குப் பின்னால் அடிமை வணிகம் முதல் கறுப்பர்கள் மீது நடத்தப்பட்ட மருத்துவச் சோதனைகள் வரை ஒரு முழு வரலாறு இருக்கிறது. கறுப்பர்கள் மருத்துவமனையை நம்பாதது அவர்கள் தவறல்ல.

நம் நிலைமைக்கு வருவோம். எட்டுக் கோடிப் பேர் வாழும் ஜெர்மனியில் பதிவு செய்த கொடையாளிகள் ஏறக்குறைய ஒரு கோடி. நூற்றிநாற்பது கோடிப் பேர் வாழும் இந்தியாவில், சென்னையில் 2009இல் தொடங்கப்பட்டு நாட்டின் பெரிய பதிவேடாக வளர்ந்திருக்கும் தாத்ரியில் இருப்பது ஐந்து லட்சத்துச் சொச்சம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் பதிவு முடிந்தது. அந்தப் பஞ்சுக் குச்சி எங்கெல்லாம் போகிறது? தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்கும் பெருநகரக் கல்லூரிகளுக்கும் போகிறது. தோல் பதனிடும் தொழிற்சாலை வாசலுக்கு, நூற்பாலை விடுதிக்கு, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கு வருவதில்லை. வந்து நாங்கள் பார்த்ததில்லை. முகாம் நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆட்களைத் திரட்ட வசதியான இடத்துக்குப் போகிறார்கள். வசதியான இடங்கள் யாருடையவை என்பதுதான் சாதி.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது, அதைத்தான் காலனிப் பெண்களிடம் முதலில் சொன்னோம். பாதிப் பொருத்தம் போதும் என்ற நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது. பெற்ற தாயும் தகப்பனும் பிள்ளைக்கு எப்போதும் பாதிப் பொருத்தம்; பெற்ற பிள்ளையும் அப்படியே. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், அணுக்களை ஏற்றிய மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, விலை குறைந்த மருந்தைக் கொடுத்து, ஒவ்வாமல் சண்டையிடும் அணுக்களை மட்டும் அடக்கும் முறையை வளர்த்தார்கள். இன்று இந்தியாவிலும் நடக்கிறது. முழுப் பொருத்தத்தைவிட இதில் சிக்கல்கள் கூடுதலாக வரலாம், எல்லா நோய்க்கும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஆனாலும் "நமக்கு யார் தருவார்கள்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வீட்டிலேயே இருக்கிறது. சங்கக் கொடி தேவையில்லை.

சரி, பொருத்தம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதன்பிறகு ஒரு தலித் நோயாளி எதையெல்லாம் கடக்க வேண்டியிருக்கிறது? ஆயக்குடிப் பக்கத்துக் காலனி ஒன்றில் கொய்யா பறிக்கப் போகும் குடும்பம். மகளுக்குப் பத்தொன்பது வயது. ஈறில் ரத்தம், தொடையில் நீலத் திட்டுகள், நிற்காத மாதவிலக்கு. தட்டணு குறைந்திருந்ததால் முதலில் டெங்கு என்றார்கள். காய்ச்சல் போயும் எண்ணிக்கை ஏறவில்லை. அலைந்து அலைந்து மஜ்ஜைச் சோதனை செய்து அப்ளாஸ்டிக் அனீமியா என்று தெரிய நான்கு மாதம். அதற்குள் பதினோரு முறை ரத்தம் ஏற்றியாகிவிட்டது. கொடுத்தவர்களில் பாதி அவளுடைய அண்ணனும் சித்தப்பா மகன்களும். "ஆள் கூட்டி வந்தால்தான் ரத்தம்" என்றால் கூலிக்காரர்கள் யாரைக் கூட்டி வருவார்கள்? ஆனால் மஜ்ஜை மாற்று செய்ய வாய்ப்புள்ள நோயாளிக்கு ரத்த உறவினர் ரத்தம் கொடுக்கவே கூடாது. அந்த உறவினரின் அணுக்களை நோயாளியின் உடம்பு அடையாளம் கண்டு பகையாக்கிக்கொள்ளும். பிறகு அதே அண்ணனின் மஜ்ஜையை ஏற்றினால் உடம்பு தள்ளிவிடும் அபாயம் கூடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எந்த இடத்திலும் அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றையாவது நான்கு பேரிடம் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவம் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில். "டாக்டரு நெறைய சொன்னாருங்க தம்பி. எனக்குக் கையெழுத்துப் போடற இடம் மட்டும்தான் புரிஞ்சுச்சு" என்றார் அந்த அம்மா. நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்ன? மருந்தால் மஜ்ஜையை அழித்த பிறகு, புதிய அணுக்கள் வேர்பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த நாட்களில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை; வடிகட்டிய காற்று வரும் தனியறையில் இருக்க வேண்டும்; வாய் முழுக்கப் புண்ணாகும்; முடி கொட்டும். வேர்பிடித்த பிறகு, வந்த அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கலாம். இதில் இறப்பவர்களும் உண்டு. சிகிச்சைக்கு முன்பே, தேறும் வாய்ப்பு எவ்வளவு, மாற்று மருந்து என்ன என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. குறிப்பாக ரத்தப் புற்றுநோய்க்கான கடும் மருந்துகளுக்குப் பிறகு பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடும்; முன்கூட்டியே விந்தையோ முட்டையையோ சேமிக்க வழியுண்டு. காரில் வந்து இறங்கும் குடும்பத்திடம் இதைப் பேசுகிறார்கள். நம் பெண்ணிடம் பேசுவதில்லை. அவளுக்கு அப்படியொரு விருப்பம் இருக்கலாம் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

இதே வீட்டில் அண்ணன் பொருந்தவில்லை, கட்டிக்கொடுத்த அக்கா பொருந்தினாள். அக்காவின் மாமியார் வீட்டில் தடை. "அவ உடம்புல இருந்து எடுத்தா எங்க வீட்டு வாரிசு என்னாகறது?" மூன்று முறை போய்ப் பேசினோம். கடைசியில் அக்கா தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். சாதியைப் பற்றி எழுதும் நாம், பெண்ணுடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் நம் வீட்டு ஆண்களும் ஊர்க்காரர்கள் மாதிரியே பேசுவதை மறைக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு வருகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஐந்து லட்சம் வரை. அதற்கு மேல் போகும் எலும்பு மஜ்ஜை மாற்று, கல்லீரல் மாற்று போன்றவற்றுக்குத் தனி நிதியம் வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் இதுகூட இல்லை. போராடிப் பெற்ற நன்மை, அதைக் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் திட்டத்துக்குள் நுழைய ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு 300 ரூபாய் கூலியில் 200 நாள் வேலை பார்த்தால் கணக்கு சரியாக 1,20,000. இருநூற்றியோராவது நாள் வேலைக்குப் போனால் அவர்கள் பணக்காரர்கள்! உண்மையைச் சொன்னால் அட்டை கிடைக்காது, குறைத்துச் சொன்னால் சான்றிதழ் கொடுப்பவரின் தயவில் நிற்க வேண்டும். அந்தத் தயவு ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் ஒரே மாதிரிச் சுரப்பதில்லை. தலசீமியாவுக்கும் அப்ளாஸ்டிக் அனீமியாவுக்கும் கோல் இந்தியா நிறுவனம் சில குறிப்பிட்ட மருத்துவமனைகள் வழியாகப் பத்து லட்சம் வரை தரும் திட்டம் ஒன்று 2017 முதல் நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. அந்தப் பட்டியலில் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தத் தகவல் ஒட்டப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்துக்கு. மற்றதெல்லாம் குடும்பத்தின் தலையில். அணுக்களை ஏற்றிய பிறகு நூறு நாட்களாவது மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மும்பை டாட்டா மருத்துவமனையில் 1983இலும் வேலூரில் 1986இலும் தொடங்கிய இந்தச் சிகிச்சை, நாற்பது ஆண்டுகள் ஆகியும் பெருநகரங்களையும் வேலூரையும் விட்டு அதிகம் இறங்கவில்லை. வேலூர் என்றால் பழனியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வாடகைக்கு அறை பிடிக்க வேண்டும். கூட இருப்பவர் கூலி போகும். அறை கேட்டால் "நீங்க எந்த ஊர்ப் பக்கம், என்ன ஆளுக?" என்று கேட்கிறார்கள். மாஸ்க் போட்ட நோயாளிப் பெண்ணை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவது வீட்டில்தான் இடம் கிடைத்தது, அதுவும் சமையலறை இல்லாத மாடி அறை. வெளிச் சாப்பாடு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஊர் திரும்ப வேண்டும். "கொதிக்க வைத்து ஆறிய நீர், சுத்தமான கழிப்பறை, தூசி இல்லாத தனியறை, கூட்டம் கூடாது" என்று வெளியேற்றச் சீட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். எழுதியவருக்குக் காலனி வீடு தெரியாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த நாட்டில்தான் இந்தச் சீட்டு அச்சாகிறது. எதிர்ப்புச் சக்தி உள்ள பிள்ளைகளே அந்தத் தண்ணீரைக் குடித்து நோயில் விழுந்தார்கள். மஜ்ஜை மாற்றி வந்த ஒருவர் அப்படியொரு தெருவில் இருந்திருந்தால்? இருபது லட்சம் செலவழித்துக் காப்பாற்றிய உயிரை ஒரு குடம் தண்ணீர் கொன்றுவிடும். மருத்துவமனைக்குள் வடிகட்டிய காற்று கொடுக்கும் அரசு, அந்தத் தெருவுக்கு வடிகட்டிய தண்ணீர் கொடுக்காவிட்டால் சிகிச்சை பாதியில் நின்றதாகவே பொருள். அந்த வடிகட்டிய அறையைத் துடைத்துத் துடைத்துக் கிருமி அண்டாமல் வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் நம் பெண்கள்தான், ஒப்பந்தக் கூலியில். அவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அந்த அறைக்குள் எந்த வாசல் வழியாகப் போவார் என்று நிர்வாகங்கள் சொல்லட்டும்.

பழனியில் ஒரு வசதி உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வோம்: இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பஞ்சாமிர்தமும் திருநீறும் கொண்டுவருகிறார்கள். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள். எதிர்ப்புச் சக்தி திரும்பாதவருக்குச் சமைக்காத, திறந்து வைத்த எந்த உணவும் ஆகாது, பிரசாதமானாலும் சரி. டாக்டர் சொல்லும் வரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். குழந்தையில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் போய்விடும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எல்லாம் மறுபடி போட வேண்டும். பெரிய பெண்ணுக்குப் போலியோ ஊசியா என்று செவிலியர் சிரித்தால், வெளியேற்றச் சீட்டைக் காட்டுங்கள்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கென்று சட்டமே நிறைவேற்றியிருக்கிறீர்கள். அந்த நிதியிலிருந்து, மஜ்ஜை மாற்று செய்துகொள்ளும் பட்டியல் சாதி, பழங்குடி நோயாளிக்கும் துணையிருப்பவருக்கும் நூறு நாள் தங்குமிடமும், இழந்த கூலியும், பிந்தைய மருந்துச் செலவும் கொடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், படித்துச் சொல்ல ஒரு மருத்துவச் சமூகப் பணியாளர் இருக்கட்டும். மதுரை, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே பொருத்தச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பும் வசதி வரட்டும். அதற்காக ஒரு குடும்பம் ரயிலேற வேண்டியதில்லை. பதிவேடு நடத்துகிறவர்கள் எந்த மாவட்டத்தில், எந்தச் சமூகப் பிரிவில் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்ற மொத்த எண்ணிக்கையை வெளியிடட்டும். பெயர் வேண்டாம், எண் போதும்.

சங்கக்காரர்களுக்கு ஒரு செய்தி. வருகிற ஞாயிறு முதல் நெய்க்காரப்பட்டி, ஆயக்குடி, பாலசமுத்திரம் காலனிகளில் பதினெட்டு வயது நிரம்பியவர்களைக் கொடையாளிகளாகப் பதிய வைக்கும் வேலையைத் தொடங்குகிறோம். பஞ்சுக் குச்சி கேட்டு எழுதியிருக்கிறோம். உங்கள் வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் சிறுவனுக்கும் சேர்த்துத்தான் பதிவு. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் அவனுக்குப் பொருந்தினால் வந்து கொடுப்பார். வாங்கிக்கொள்வீர்களா என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.